காசிமேட்டை விட்டு மக்கள் போவார்களா? கரை, மீன், குடிநீர்... வடசென்னையைக் காலநிலை மாற்றம் தொடும் 3 இடங்கள்

ஏப்ரல் 15 பிறந்தால் காசிமேட்டில் விசைப்படகுகள் நின்றுவிடும். ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாட்கள். மீன்கள் சினை வைக்கும் காலம், குஞ்சு பெருகட்டும் என்பதற்காகக் கிழக்குக் கடற்கரை முழுக்க நடைமுறையில் இருக்கும் மீன்பிடித் தடைக்காலம் இது. தமிழகத்தில் 2001-ல் 45 நாட்களாக ஆரம்பித்தது, 2017-ல் 61 நாட்களாக நீண்டது. இந்த நாட்களில் நகரத்தில் வஞ்சிரம் விலை எகிறும். காசிமேட்டில் வலையைச் சீர் செய்வார்கள், படகுக்கு பெயின்ட் அடிப்பார்கள். மீனவக் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தரும்.

ஆனால், இந்தக் காலண்டரை மீன்களே மாற்ற ஆரம்பித்துவிட்டன.

சென்னைக் கடலில் கிடைக்கும் சங்கரா மீன் வகை ஒன்றை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் கவனித்தார்கள். 1980-களின் தொடக்கத்தில், சினையோடு இருந்த மீன்களில் சுமார் 35 சதவீதம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெப்ப மாதங்களில் கிடைத்தன. 2000 முதல் 2004 வரையிலான காலத்தில் அது சுமார் 5 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. மீதி எல்லாம் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர் மாதங்களுக்கு நகர்ந்துவிட்டன. கடல் சூடானது, மீன் தனக்குத் தோதான மாதத்தைத் தேடிப் போய்விட்டது.

அப்போ தடைக்காலம் வீண் என்று அர்த்தமா? இல்லை. கடலில் எத்தனையோ வகை மீன்கள் இருக்கின்றன. இழுவை வலைகள் இரண்டு மாதம் ஓய்ந்திருப்பது கடலடிக்கும் நல்லதுதான். ஆனால், ஒரு ஊரின் வருமானம், விடுமுறை, கடன், கல்யாணம் எல்லாம் எந்தக் காலண்டரை நம்பி நடக்கிறதோ, அதற்கு அடியில் இருக்கும் கடல் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

காலநிலை மாற்றத்தால் மக்கள் இடம்பெயர்வார்கள் என்று சொன்னதும், கடல் பொங்கி ஊரை விழுங்கும் சினிமாக் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதியில் அது நடக்கும் விதம் வேறு. கரை கொஞ்சம் குறையும். மீன் கொஞ்சம் தள்ளிப் போகும். தண்ணீர் கொஞ்சம் உப்பாகும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சமாளிக்கக்கூடியதுதான். மூன்றும் சேர்ந்து ஒரே வீட்டின் மேல் விழும்போதுதான் ஆட்கள் கிளம்ப வேண்டியதாகிறது. அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. கரை: மெரினா பெற்றது, ராயபுரம் இழந்தது

சென்னைக் கடற்கரையில் மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே தள்ளும். வருடக் கணக்கில் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மணல் வடக்கு நோக்கிப் போவதே அதிகம்.

1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-ல் வந்த புயல் அதை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவர் மணலின் பாதையை மறித்தது. தெற்கே வந்த மணல் அங்கேயே தேங்கியது. ஒரு காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த கடல் விலகிப் போனது, மெரினா அகலமானது. இன்று மாலையில் சுண்டல் சாப்பிட நாம் நடந்து போகும் அந்த மணலின் ஒரு பகுதி, வடக்கே ராயபுரத்துக்குப் போயிருக்க வேண்டிய மணல்.

வடக்கே மணல் வரவில்லை, ஆனால் அலை வந்துகொண்டே இருந்தது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடந்த நூற்றாண்டில் கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் உள்ளே வந்தது. தடுப்பதற்குக் கல் கொட்டினார்கள். பிறகு தூண்டில் வளைவுகள் வந்தன. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கல்வரிசைகள், இருக்கும் இடத்தில் மணலைப் பிடித்து வைக்கும். ஆனால் அடுத்த குப்பத்துக்குப் போக வேண்டிய மணலும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே, அரிப்பு பெரும்பாலும் நிற்பதில்லை, முகவரி மாறுகிறது. ராயபுரத்தைக் காப்பாற்றினால் திருவொற்றியூர், அதைக் காப்பாற்றினால் எர்ணாவூர், அதற்கப்புறம் எண்ணூர். எண்ணூரில் 2001-ல் திறக்கப்பட்ட துறைமுகமும், அதை ஒட்டி வந்த காட்டுப்பள்ளி துறைமுகமும் இதே கரையில் இன்னும் பெரிய தடுப்புகள். அவற்றுக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு.

இங்கே ஒரு நேர்மையான கணக்கு தேவை. ராயபுரம் இதுவரை இழந்த நிலத்தில் பெரும்பகுதிக்குக் காரணம் கடல் மட்ட உயர்வு இல்லை, கட்டுமானம். பெங்களூரைச் சேர்ந்த சிஎஸ்டெப் ஆய்வு நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1987 முதல் 2021 வரை சென்னையில் கடல் மட்டம் உயர்ந்தது 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே காலத்தில் மும்பையில் 4.4 சென்டிமீட்டர்.

அப்போ பயப்பட ஒன்றும் இல்லையா? அதே அறிக்கை, 2040-க்குள் சென்னையின் நிலப்பரப்பில் 5 முதல் 10 சதவீதம் வரை நீரில் மூழ்கும் அபாயம் இருப்பதாகவும் சொல்கிறது. காரணம், வேகம் கூடிக்கொண்டே போகிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021-ல் சொன்னபடி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006-க்குப் பிறகு வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் உயர்ந்தது. 2100-ல் இது, கார்பன் உமிழ்வை எவ்வளவு குறைக்கிறோம் என்பதைப் பொறுத்து, சுமார் 28 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை போகலாம்.

சாதாரண நாளில் 28 சென்டிமீட்டர் பெரிதாகத் தெரியாது. புயல் வரும் நாளில் தெரியும். அலை எந்த உயரத்திலிருந்து கிளம்புகிறதோ, அந்த அடித்தளமே உயர்ந்துவிடுகிறது. முன்னே மணல் பரப்பு இருக்கும் மெரினாவில் அந்த அலைக்கு ஓடி ஓய இடம் இருக்கிறது. மணல் போய், கல்லும் அதற்குப் பின்னால் சாலையும் வீடும் மட்டுமே மிஞ்சியிருக்கும் வடசென்னையில் அந்த இடம் இல்லை.

2. மீன்: தள்ளிப் போகும் மீன், சுருங்கும் பங்கு

இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதியில் 1951 முதல் 2015 வரை மேற்பரப்பு வெப்பநிலை சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீடு இது. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். நம் உடம்பில் ஒரு டிகிரி கூடினால் லீவு போடுகிறோம். மீனுக்கு அதுதான் வீடு, அதனால் அது இடத்தை மாற்றிக்கொள்கிறது.

மத்தி மீன் இதற்கு நல்ல உதாரணம். 1980-கள் வரை அது பெரும்பாலும் கேரள, கர்நாடகக் கடலின் மீன். பிறகு வடக்கேயும், இந்தப் பக்கம் கிழக்குக் கரையிலும் வலையில் விழ ஆரம்பித்தது. கேரளத்தில் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-ல் சுமார் 3,300 டன்னாகச் சரிந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததற்கும், கடலின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்கும், எல் நினோ போன்ற நிகழ்வுகளுக்கும் இந்தச் சரிவில் பங்கு உண்டு. ஆனால் ஒரு மாநிலத்தின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஒரு மீன் பத்தே ஆண்டுகளில் எவ்வளவு தூரம் விலக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டாம்.

இது காசிமேட்டில் ஒரு குடும்பத்தின் வருமானத்தை எப்படித் தொடுகிறது? விசைப்படகில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். பிடித்த மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை முதலில் கழிப்பார்கள். மிச்சத்தில் படகு உரிமையாளருக்கு ஒரு பங்கு, வேலை செய்தவர்களுக்கு ஒரு பங்கு. மீன் தள்ளிப் போனால் படகு இன்னும் தூரம் ஓட வேண்டும், இன்னும் அதிக நாள் கடலில் தங்க வேண்டும். டீசல் கூடும், ஐஸ் கூடும். வலையில் அதே அளவு மீன் விழுந்தாலும் கைக்கு வரும் பங்கு குறையும். மீன் விலை ஏறியிருக்கிறது என்று நகரத்தில் நாம் கவலைப்படும் அதே வாரத்தில், அதைப் பிடித்தவர் கையில் காசு குறைந்திருக்க முடியும்.

கடைசியில் அடிபடுவது கூடை வைத்து விற்கும் பெண்கள். விடியற்காலை ஏலத்தில் மொத்தமாக எடுக்கக் கையில் கொஞ்சம் முதல் வேண்டும். விலை ஏற ஏற அந்த முதலுக்காக வாங்கும் வட்டிக்கடன் ஏறும். பெரிய மீனை ஏற்றுமதி நிறுவனங்களும் ஹோட்டல்களும் எடுத்துவிட, கவலை, நெத்திலி போன்ற சின்ன மீன்களே இவர்கள் வியாபாரம். உழைக்கும் குடும்பங்களுக்கு மலிவான புரதமும் அதுதான். உணவுப் பாதுகாப்பு என்ற பெரிய வார்த்தைக்கு வடசென்னையில் ஒரு சின்ன அர்த்தம் உண்டு: கூலி வாங்கி வரும் வழியில் மீன் வாங்க முடிகிறதா, இல்லையா.

இடப்பெயர்வு இந்த ஊருக்கு உள்ளேயும் வருகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. காசிமேட்டு விசைப்படகுகளில் ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் பக்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நிறைய. அங்கே கரையில் வருமானம் குறைந்தவர்கள் இங்கே வருகிறார்கள். இங்கே மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கடலை விட்டு டெலிவரி வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போகிறார்கள்.

3. தண்ணீர்: உப்பான கிணறு, ரயிலில் வந்த குடிநீர்

எண்ணூருக்கு வடமேற்கே மீஞ்சூர். அதைச் சுற்றி ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் மணலைப் படியவைத்து உருவாக்கிய நிலத்தடி நீர்வளம் உண்டு. 1960-களில் ஐ.நா. உதவியோடு ஆய்வு செய்து அங்கே ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். மணலியில் வளர்ந்த தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் அந்தத் தண்ணீர் போனது. விவசாயிகளும் மோட்டார் வைத்து எடுத்தார்கள்.

கடலோர நிலத்தடி நீரில் ஒரு தராசு இருக்கிறது. நிலத்தின் பக்கமிருந்து நல்ல தண்ணீர் அழுத்துகிற வரை கடல்நீர் மண்ணுக்குள் நுழையாது. நல்ல தண்ணீரை மழை ஊற வைப்பதைவிட வேகமாக உறிஞ்சினால் அந்த அழுத்தம் குறையும், கடல் மண்ணுக்கு அடியில் ஊடுருவும். மீஞ்சூரில் அதுதான் நடந்தது. 1960-களின் இறுதியில் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்த உப்பு, பிறகு வந்த ஆண்டுகளில் 10 கிலோமீட்டரைத் தாண்டி உள்ளே போனது. நெல் விளைந்த நிலங்களுக்குப் பாய்ச்சும் தண்ணீர் கரித்தது. இதற்கும் முதல் காரணம் காலநிலை இல்லை, நாம் எடுத்த அளவு. ஆனால் கடல் மட்டம் உயர்ந்தால் தராசின் அந்தப் பக்கம் இன்னும் கனமாகும். மழை தவறினால் இந்தப் பக்கம் இன்னும் லேசாகும்.

மழை தவறினால் என்ன ஆகும் என்பதை 2019-ல் சென்னை பார்த்துவிட்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நகரத்துக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் அந்த ஜூன் மாதத்தில் கிட்டத்தட்ட வறண்டன. ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வந்தது. ஐ.டி. நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது அந்தக் கோடையில்தான். வீட்டிலிருந்து மீன் பிடிக்க முடியாது. வடசென்னைத் தெருக்களில் வண்ண வண்ண பிளாஸ்டிக் குடங்களோடு லாரிக்குக் காத்திருப்பதற்கு லீவு போட்டால் கூலியும் போகும்.

இதற்குப் பதிலாக வந்தது கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டம். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-ல் தினமும் 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலை திறக்கப்பட்டது. தெற்கே நெம்மேலியில் 2013-ல் ஒன்றும், 2024-ல் இன்னொன்றும் வந்தன. மழையை நம்பாத தண்ணீர் என்பது இவற்றின் பலம். ஆனால் மின்சாரம் நிறைய தேவை. பிரித்தெடுத்த உப்புக் கரைசல் மறுபடி கடலுக்குத்தான் போகும். எந்தக் கரையின் நிலத்தடி நீர் உப்பானதோ, அதே கரையில் கடலைச் சுத்திகரித்துக் குடிக்கிறது நகரம்.

சத்தமில்லாமல் நடந்த இன்னொரு மாற்றமும் உண்டு. 2019-ல் கொடுங்கையூரில், கழிவுநீரைச் சுத்திகரித்துத் தினமும் 4.5 கோடி லிட்டர் தொழிற்சாலைத் தண்ணீர் தயாரிக்கும் நிலையம் வந்தது. அது மணலி, எண்ணூர் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. தொழிற்சாலை கழிவுநீரில் ஓடினால், அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் வீடுகளுக்கு மிஞ்சும். நிலத்தடி நீரின் தராசை மறுபடி இந்தப் பக்கம் சாய்க்கும் வேலை என்பது இதுதான்.

மூன்றும் ஒரே நாளில் வந்தபோது

2023 டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்துக் கடலில் மெதுவாக நகர்ந்தது. பல இடங்களில் இரண்டு நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பது இயற்பியல். ஒரே மூச்சில் கொட்டும் மழை கூடுவதற்கு அதுதான் அடிப்படைக் காரணம்.

பூண்டியிலிருந்து வரும் கொசஸ்தலை ஆறும் புழல் ஏரியின் உபரி நீரும் கடலில் சேரும் வழி எண்ணூர் முகத்துவாரம். அனல் மின்நிலையச் சாம்பலும், சதுப்பு நிலத்தில் கொட்டிய மண்ணும் அந்த வழியின் ஆழத்தையும் அகலத்தையும் ஏற்கெனவே குறைத்திருந்தன. மணலி புதுநகர் தண்ணீரில் நின்றது. இதோடு முடியவில்லை. மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தில் கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து கடல்வரை பரவியது. வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் கறுப்பாக ஒட்டியது. மீனவர்கள் வாளியையும் குவளையையும் வைத்து எண்ணெயை அள்ளிய படங்களை நாடே பார்த்தது. அடுத்த சில வாரங்களுக்கு அங்கே இறாலும் இல்லை, நண்டும் இல்லை. கிடைத்த கொஞ்சத்தை வாங்க ஆளும் இல்லை.

மழை காலநிலையின் கணக்கு, எண்ணெய் தொழிற்சாலையின் கணக்கு, தண்ணீர் வடியாதது நிலப் பயன்பாட்டின் கணக்கு. ஆனால் எண்ணூரில் அந்த வீட்டில் இருந்தவருக்கு எல்லாம் ஒரே இரவு. வடசென்னையில் காலநிலை மாற்றம் தனியாக வராது, ஏற்கெனவே இருக்கும் சுமையின் மேல் வந்து உட்காரும்.

போனால் எங்கே போவார்கள்?

இந்தக் கேள்விக்குச் சென்னையில் பதில் ஏற்கெனவே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடசென்னையின் கடலோரக் குடும்பங்கள் திருவொற்றியூர் அருகே கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்டன. பிறகு எர்ணாவூர் பக்கம் சுனாமி குடியிருப்புகள் வந்தன. சென்னையின் கடலோரக் குப்பங்களைச் சேர்ந்த பல குடும்பங்கள் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. காசிமேட்டிலிருந்து பார்த்தால் செம்மஞ்சேரி சுமார் 30 கிலோமீட்டர் தூரம்.

ஒரு மீனவக் குடும்பத்துக்கு 30 கிலோமீட்டர் என்பது டிராஃபிக் பிரச்சினை இல்லை. ஃபைபர் படகோ கட்டுமரமோ வைத்திருப்பவர் ராத்திரியில் எழுந்து காற்றையும் கடலையும் பார்த்துத்தான் கிளம்ப முடிவெடுப்பார். படகையும் இன்ஜினையும் வலையையும் காவல் காக்க வேண்டும். அவர் மனைவி விடியும் முன் ஏலத்துக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் பஸ் ஏது? பக்கா வீடு கிடைத்தது, தொழில் போனது என்பதுதான் பலருக்கு நடந்தது. இன்னொரு வேதனை, போன இடமும் பாதுகாப்பானதாக இல்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் நீர்வழியில் இருக்கும் செம்மஞ்சேரி பெருமழைக்கு மூழ்கும் பகுதி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களை அனுப்பிய பெரும்பாக்கமும் அதே தாழ்நிலத்தில்தான் இருக்கிறது.

உலக வங்கி 2021-ல் வெளியிட்ட அறிக்கை, 2050-க்குள் உலகின் ஆறு பிராந்தியங்களில் 21.6 கோடிப் பேர் வரை காலநிலையால் தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயரலாம் என்கிறது. தெற்காசியாவில் மட்டும் 4 கோடிக்கும் மேல். இப்போதே சரியான நடவடிக்கை எடுத்தால் மொத்த எண்ணிக்கையை 80 சதவீதம் வரை குறைக்க முடியும் என்பதும் அதே அறிக்கைதான். இவர்களில் பெரும்பாலோர் கப்பல் ஏறி வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் அல்லர். இதே மாநிலத்தில், சில நேரம் இதே மாநகராட்சி எல்லைக்குள், இன்னொரு பின்கோடுக்குப் போகிறவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

‘காலநிலை அகதி’ என்ற சொல்லைச் செய்திகளில் படிக்கிறோம். சட்டத்தில் அப்படி ஒருவர் இல்லை. 1951-ன் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கை மதம், இனம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடுகிறவர்களுக்கானது. கடல் அரித்ததால் வீடு இழந்தவர் அதில் வரமாட்டார். பசிபிக் தீவு நாடான துவாலுவோடு ஆஸ்திரேலியா 2023-ல் ஓர் ஒப்பந்தம் போட்டது. வருடத்துக்கு 280 துவாலு மக்களை ஏற்கிறது. அது இரண்டு நாடுகளின் தனி ஏற்பாடு, உலகச் சட்டம் அல்ல.

இந்தியாவிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பேரிடர் நிவாரண நிதி பெறத் தகுதியான 12 பேரிடர்களின் தேசியப் பட்டியலில் புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் உண்டு. கடலரிப்பு இல்லை. புயல் ஒரே நாளில் கூரையைப் பிய்த்தால் நிவாரணம் கேட்கலாம். கடல் இருபது வருடம் எடுத்து மெதுவாக வீட்டை இழுத்துக்கொண்டால் எந்தத் தேதியைச் சொல்லிக் கேட்பது? 15-வது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு இதைக் கவனித்தது. ஆற்று, கடல் அரிப்பைத் தடுக்க 1,500 கோடி ரூபாயும், அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களின் மறுகுடியமர்வுக்கு 1,000 கோடி ரூபாயும் தனியாகப் பரிந்துரைத்தது. இந்தியா முழுமைக்குமான தொகை இது. இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகிறது என்பதை வைத்துப் பார்த்தால், இது ஆரம்பம் மட்டுமே.

ஒடிசாவின் கேந்திராபாரா மாவட்டத்தில் சதபாயா என்ற கிராமக் கூட்டம் கடலுக்குள் போனது. மிச்சமிருந்த குடும்பங்களை 2018-ல் பகபாட்டியா என்ற இடத்துக்கு அரசு மாற்றியது. கடலரிப்பால் இடம்பெயர்ந்தவர்களுக்கென்றே இந்தியாவில் திட்டமிட்டு அமைத்த முன்னோடிக் குடியிருப்பு அது. வீட்டு மனை கிடைத்தது. விவசாயமும் மீன்பிடியும் செய்து வந்தவர்களுக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. பல இளைஞர்கள் மறுபடி வேறு மாநிலங்களுக்குக் கிளம்பினார்கள். செம்மஞ்சேரியின் பாடமும் அதுதான்: வீட்டை மாற்றலாம், பிழைப்பைக் கூடவே தூக்கிக்கொண்டு போக முடியாது.

இனி கவனிக்க வேண்டிய கேள்விகள்

காசிமேட்டின் நெரிசலைக் குறைக்கவும் ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்காகவும் திருவொற்றியூர் குப்பத்தில் புதிய மீன்பிடித் துறைமுகம் வந்திருக்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு கொசஸ்தலை ஆற்று வடிநிலப் பகுதியில் 3,220 கோடி ரூபாயில் மழைநீர் வடிகால் திட்டம் நடக்கிறது. இன்னும் வரும். வடசென்னைக் கரைக்கு எந்த அறிவிப்பு வந்தாலும், அதைப் படிக்கும்போது நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று, இந்தக் கல்லோ சுவரோ அடுத்த குப்பத்தின் மணலை எடுத்துவிடுமா? கரையை ஊர் ஊராகப் பிரித்துக் காப்பாற்ற முடியாது. ராயபுரம் முதல் பழவேற்காடு வரை ஒரே மணல் கணக்கு. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே போடுவதும் அந்தக் கணக்கில் ஒரு வழி.

இரண்டு, மழைத் தண்ணீர் கடைசியில் எங்கே போகும்? வடிகால் எவ்வளவு கட்டினாலும் எண்ணூர் முகத்துவாரம் சாம்பலால் அடைபட்டிருந்தால் தண்ணீர் திரும்பித் தெருவுக்குத்தான் வரும். முகத்துவாரமும் அலையாத்திக் காடும் சதுப்பு நிலமும் அந்த வடிகாலின் கடைசிப் பகுதி.

மூன்று, மாற்று வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம்? நடந்து போகிற தூரத்தில் இடம் தேட முடியாதா? இந்தப் பகுதியில் தொழிற்சாலைக்கும் கன்டெய்னர் யார்டுக்கும் நிலம் கிடைத்திருக்கிறது.

நான்கு, தடைக்கால நிவாரணமும் டீசல் மானியமும் பழைய கடலை வைத்துப் போட்ட கணக்கா, இப்போதைய கடலை வைத்தா? சினை வைக்கும் மாதத்தைச் சங்கரா மாற்றிக்கொண்டதை விஞ்ஞானிகள் பதிவு செய்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கடலுக்குப் போகும் நாட்கள், கிடைக்கும் மீன், வீட்டுக்கு வரும் பங்கு ஆகியவற்றை ஆண்டுதோறும் காசிமேட்டிலேயே அளந்து, அதை வைத்துத் தடைக்காலத்தையும் நிவாரணத்தையும் திருத்துவது பெரிய செலவுள்ள வேலை இல்லை.

உலக வெப்பத்தை ராயபுரத்தில் உட்கார்ந்து குறைக்க முடியாதுதான். ஆனால் மேலே பார்த்த சேதங்களில் பெரும்பகுதி இங்கேயே எடுத்த முடிவுகளால் வந்தது. மணலை மறித்தது, நிலத்தடி நீரை உறிஞ்சியது, முகத்துவாரத்தை அடைத்தது, ஆட்களை 30 கிலோமீட்டர் தள்ளி வைத்தது என எல்லாமே உள்ளூர் முடிவுகள். கடல் உயர்வதற்கு முன்பு திருத்திக்கொள்ளக்கூடிய பட்டியலும் அதுதான். காசிமேட்டு மக்கள் அடுத்த தலைமுறையிலும் காசிமேட்டில் இருப்பார்களா என்பது, கடலைவிட இந்தப் பட்டியலைப் பொறுத்தே இருக்கிறது.